அடுக்கும் ஒற்றையும்

விதைக் கம்பெனியில் எல்லோரும் அவளைப் பிரஷ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காதோரத்தில் எப்போதும் ஒரு மெல்லிய பிரஷ் செருகியிருக்கும். ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு இன்னொன்றில் தடவிப் புது ரகம் உண்டாக்குவது அவள் வேலை. சொல்ல ஒரு வரி, செய்யப் பல வருடம். மொட்டு விரியும் முன்பே இடுக்கியால் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தத் தாள்களைக் கிள்ளியெடுத்து, வேண்டிய பூவின் தூளைத் தடவி, காகித உறை மாட்ட வேண்டும். அப்புறம் விதை முற்றும் வரை, முளைக்கும் வரை, பூக்கும் வரை காத்திருக்க வேண்டும். பூத்ததில் பெரும்பாலானவை குப்பைக்குத்தான் போகும்.

அவள் கையிலிருந்து வந்ததில் பேர் போனது நுரைப்பந்து. முழங்கால் உயரம்கூட வராத செடி. லேசாகக் கிராம்பு வாசனை அடிக்கும் பூ. சோப்பு நுரையைப் பிடித்து நிறுத்தி வைத்ததுபோல இதழுக்கு மேல் இதழாக அடுக்கு. பால்கனித் தொட்டிக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்ததால், வெளிவந்த கொஞ்ச காலத்திலேயே ஊரில் அது இல்லாத ஜன்னலே இல்லை என்றானது. நகராட்சியும் தன் பங்குக்குப் பூங்காவிலும் சாலை நடுவிலும் இருந்த கலவைச் செடிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு இதையே வரிசையாக நட்டது. வேலைக்குப் போகும்போது அவள் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டாகப் பார்த்துப் பிடிப்பாள். ஒன்றும் தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டு வழி நெடுக வேடிக்கை பார்ப்பாள்.

அவள் குடியிருந்த கட்டடத்தின் மேல்மாடியில் அவளுடைய அண்ணன் இருந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங் பிடித்த கை சும்மா இருக்காமல் மொட்டைமாடியில் தேன்பெட்டிகள் வாங்கி வைத்தார்.

"இத்தனை வருஷம் நான் கொட்டினது போதலையா உங்களுக்கு?" என்று அண்ணி கேட்டார்.

"அந்தப் பழக்கத்துலதான் தைரியமா வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றார் அவர்.

ஒரு கோடைத் தொடக்கத்தில் அவர் தங்கையை மேலே கூப்பிட்டார். ஐம்பதைத் தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"பாப்பா, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பாரு."

பயந்துகொண்டே தூக்கினாள். கைக்கு ஒன்றுமே இல்லாததுபோல வந்தது.

"இந்நேரம் இது ரெண்டு பேர் சேர்ந்து தூக்குற கனம் இருக்கணும். நான் இன்னும் சர்க்கரைத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன்."

"ஏதாவது வியாதியா அண்ணா?"

"பட்டினி" என்றார். கைப்பிடிச் சுவருக்கு அப்பால், எதிர்வரிசை பால்கனிகளைக் காட்டினார். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மாடிக்கு மாடி நுரை பொங்கியது. "ஊர் பூரா பூ. ஆனா வாயில வைக்க ஒண்ணுமில்ல. நீயே பாரு."

மாடியிலேயே அவள் கொடுத்த தொட்டி ஒன்று இருந்தது. ஒரு தேனீ வந்து பூவின்மேல் இறங்கியது. இதழ்களுக்கு நடுவே தலையை நுழைத்துப் பார்த்தது. சுற்றி வந்து வேறு பக்கமாக நுழைந்தது. வெளியே வந்து பறந்தது. அடுத்து வந்ததும் அப்படியே தேடிவிட்டுப் போனது. இத்தனை வருடத்தில் தன் பூவில் தேனீ உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. கம்பெனிக் கூடாரத்தில் எங்கும் வலை, கதவுக்குள் கதவு. அழையாமல் ஒரு தேனீ நுழைந்தால் பல மாத வேலை பாழ். அவளைப் பொறுத்தவரை அது விரட்ட வேண்டிய ஜீவன்.

"அடுக்குப் பூன்னா அப்படித்தான் அண்ணா. மகரந்தம் வர வேண்டிய இடத்துல எல்லாம் இதழ் வந்திடும். தேனும் ஊறாது."

"அப்ப சாப்பாட்டை எடுத்துட்டு வெறும் தட்டை ஜோடிச்சு வச்சிருக்க."

அவளுக்குச் சுருக்கென்றது. "ஜனங்க கேட்டாங்க, நான் கொடுத்தேன். வீடு வீடா போய் நான்தான் நட்டு வச்சேனா?" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று படியிறங்கிவிட்டாள்.

கொஞ்ச நாள் இருவருக்கும் அண்ணிதான் தபால்காரி. "குழம்பு வச்சிருக்காளாம், கிண்ணத்தைக் கேக்கறா" என்பார் மேலே. "கிண்ணம் கழுவி வச்சிருக்காராம்" என்பார் கீழே. அப்படி ஒரு நாள் வந்தபோதுதான், ஒரு பெட்டித் தேனீக்கள் முழுக்கச் செத்துவிட்டதையும் சொன்னார். மிச்சப் பெட்டிகளை அண்ணன் ஊருக்கு வெளியே, பழத்தோட்டம் வைத்திருந்த பழைய கண்டக்டர் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டிருந்தார்.

அன்று அவள் டீ போட்டு எடுத்துக்கொண்டு மேலே போனாள். கழுவிவிட்ட மொட்டைமாடியில் அவர் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். டீயை வாங்கிக்கொண்டு, பேச்சை எடுக்க ஏதாவது வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

"மகரந்தமே இல்லைங்கற. அப்புறம் அது எப்படி விதை வைக்கும்?"

"வைக்காது. கூடப் பிறந்த ஒத்தைப் பூதான் வைக்கும்."

விளக்கிச் சொன்னாள். ஒரே காயிலிருக்கும் விதைகளை விதைத்தால் பாதி அடுக்காகவும் பாதி நாலே இதழ் கொண்ட ஒற்றையாகவும் வரும். அடுக்கு மலடு. பழங்காலத்துத் தோட்டக்காரர்கள் எங்கோ ஒரு செடியில் தற்செயலாகப் பூத்த அடுக்கைப் பார்த்து மயங்கினார்கள். அதிலிருந்து விதை கிடைக்காமல் திண்டாடி, கடைசியில் பக்கத்தில் நின்ற ஒற்றையிலிருந்து விதை எடுத்தால் அடுக்கும் சேர்ந்து வருவதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஓரமாக ஒற்றையைக் காப்பாற்றி வந்ததால்தான் தோட்டங்களில் அடுக்கு பிழைத்தது.

"இப்ப அந்த ஒத்தையெல்லாம் எங்க?"

"விக்கிறது அடுக்கு நாத்து மட்டும்தான். ஒத்தையில விதைக்கு வேணுங்கிறதை மட்டும் வச்சுக்கிட்டு மீதியை நாத்துலயே பிடுங்கிடுவோம். இலை கரும்பச்சையா இருந்தா அது ஒத்தை."

"பிடுங்கி?"

"எருக்குழிக்கு."

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

மறுநாள் அவள் மேனேஜரிடம் போய், பிடுங்கும் நாற்றுகளைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டாள். வயதில் சின்னவர், நல்ல மனிதர்தான்.

"அக்கா, ஒத்தை ஒண்ணு வெளிய போச்சுன்னா, அதோட விதையில பாதி நுரைப்பந்துதானே? அப்புறம் நம்மகிட்ட யார் நாத்து வாங்குவா? நீங்க கேட்டு நான் இல்லைன்னு சொன்னதில்ல. இதை மட்டும் கேக்காதீங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கூடாரத்து ஆட்கள் பலரின் சம்பளம் அந்தப் பூவில்தான் வந்தது. யோசித்துக்கொண்டே வீடு வந்தாள். அடுக்கின் கலப்பே இல்லாத ஒற்றை ஒன்று வேண்டும். அதன் பரம்பரையில் ஒற்றை மட்டுமே பிறக்கும், கம்பெனிக்குப் பயமில்லை. ஆனால் அப்படிப்பட்ட பழைய செடியை எல்லோரும் எப்போதோ ஒழித்துக்கட்டிவிட்டார்களே.

அண்ணனிடம் சொன்னாள். அவர் தாடையைத் தடவினார்.

"நாலு இதழ், ஊதா நிறம், கிராம்பு வாசனை... டெப்போவுல டீசல் டேங்க்குக்குப் பின்னாடி மதில் இடுக்குல ஒண்ணு முளைக்கும். ராத்திரி வண்டியை விட்டுட்டு வரும்போது டீசல் நாத்தத்தையும் மீறி வரும்."

மறுநாளே இருவரும் போனார்கள். வாசலில் இருந்த காவலாளி அண்ணனைக் கண்டதும் எழுந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "களை பிடுங்கவா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். மதிலில் செங்கல் விட்டுப்போன இடத்தில், புகை படிந்த இலைகளோடு ஒல்லியாக நின்றிருந்தது செடி. அவள் தரையில் உட்கார்ந்து பூவுக்குள் பார்த்தாள். நடுவில் மஞ்சளாக மகரந்தம். முற்றியிருந்த காய்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

மேனேஜர் அவளுக்குக் கூடாரத்தின் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார். தொட்டிக்கு ஏற்ற குட்டையும் வேண்டும் என்று, டெப்போச் செடியையும் நுரைப்பந்தின் ஒற்றையையும் கலந்தாள். முதலில் பிறந்தவை தகப்பன் வழியா தாய் வழியா என்று தெரியாமல் கொக்குக் கழுத்தாக வளர்ந்து சாய்ந்தன. குட்டையாக இருப்பதைத் தேர்ந்து மறுபடி விதைத்தாள். அதில் நல்லதாக நாலைந்து தேறும்போது ஒன்றில் அடுக்கு எட்டிப் பார்க்கும். அந்த வரிசையையே தூக்கி எறிவாள். வருடங்கள் போயின. அண்ணன் வாராவாரம் பழத்தோட்டத்துக்குப் பஸ் ஏறிப் போய்த் தன் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

கடைசியில் ஒரு வரிசை நின்றது. குட்டையாக, கிளை கிளையாக, வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் ஒற்றைப் பூக்கள். மேனேஜர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பாதியில விட்டுட்ட மாதிரி இருக்கே அக்கா."

"இதுதான் சார் முழுப் பூ. அதுதான் நாம பாதியில மாத்தினது."

"தேனீ உட்கார்ந்து காய் பிடிச்சா பூ சீக்கிரம் வாடுமே?"

"வாடும். அடுத்த மொட்டு விரியும்."

அவர் சிரித்துவிட்டார். கம்பெனிப் பட்டியலின் அட்டைப்படத்தில் போட மாட்டேன், கவுண்டரில் வேண்டுமானால் வைக்கலாம் என்றார். பேர் கேட்டபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அண்ணிதான் சட்டென்று சொன்னார்: "அது பந்து. இது பந்தி."

பந்தி நுரைப்பந்தை ஒன்றும் ஓரங்கட்டிவிடவில்லை. வாங்கியவர்களில் சிலர், இதழ் கொட்டுகிறது என்று முணுமுணுத்தார்கள். பூங்காத் தோட்டக்காரருக்கு மட்டும் ரொம்பப் பிடித்துப்போனது. தானே விதை கொட்டித் தானே முளைக்கிறது, குனியும் வேலை மிச்சம் என்றார். நடைபாதை நெடுகத் தூவிவிட்டார். அடுத்த கோடையில் அண்ணன் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்தார்.

அதற்கும் சண்டை வந்தது. தரைத்தளத்துத் தையல்காரம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"என் ஜன்னல்ல பூரா உங்க வீட்டு ஈ. கஸ்டமர் அளவு கொடுக்கவே பயப்படுறாங்க!"

"அது ஈ இல்லைங்க, தேனீ" என்று தொடங்கிய அண்ணனை அண்ணி முறைத்து அடக்கினார். பிரஷ் அக்கா கீழே போய், ஜன்னலடியில் இருந்த பந்தித் தொட்டிகளைத் தையல்காரம்மாவோடு சேர்ந்து பின்சுவர்ப் பக்கம் மாற்றி வைத்தாள். வேலை முடியும்போது கோபமும் ஓய்ந்திருந்தது. பேச்சுவாக்கில், தேனீ கொட்டாமல் போட்டுக்கொள்ள அண்ணனிடம் ஒரே ஒரு உடுப்புதான் இருக்கிறது என்றாள். தையல்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து டேப்பை எடுத்தார்.

உடுப்பு வந்தபோது கை மட்டும் நீளமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாடியில் வந்து நின்றாள். அண்ணன் புகை போட்டு மூடியைத் திறந்து, தேனீக்கள் மொய்த்த தேனடைச் சட்டம் ஒன்றை மெல்ல உருவினார்.

"மெதுவா பிடி பாப்பா, உதறாத. அதுங்க வேலையை அதுங்க பார்க்கட்டும்."

அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.