கரடிக் கூண்டுக்குக் கேட்ட கொசுறு

நகரத்தில், ராஜா காலத்து மிருகக்காட்சித் தோட்டத்தில் இருக்கும் கரடிக் கூண்டு வெளியே அளந்தால் பதினோரு அடி. உள்ளே அளந்தால் இரண்டேகால் கிலோமீட்டர். போன மே மாதம் வரை உள்ளேயும் பதினோரு அடிதான். அதற்குள் பதினான்கு வருஷம் தலையை ஆட்டியபடி நடந்த கிழட்டுக் கரடி பொன்னன், நெற்றி மயிரைக் கம்பியில் தேய்த்தே தொலைத்திருந்தது. மிருகநல அதிகாரிகள் வந்து பார்த்து, இது கூண்டல்ல, பெட்டி என்று எழுதினார்கள். இருபது நாளில் இடம் கூட்டாவிட்டால் கரடியை லாரியில் வடநாட்டுக்கு அனுப்ப வேண்டும். நாலு நாள் லாரிப் பயணத்தை இந்தக் கிழடு தாங்காது, வழியிலேயே செத்துப்போகும் என்றார் மருத்துவர். இடம் கூட்டவோ ஒருபக்கம் சாலை, மறுபக்கம் ராஜா நட்ட மரங்கள். கண்காணிப்பாளர் ராஜகுமார் லாரிக்குச் சொல்லிவிட்டார்.

தீனி போடும் கிளாரா அதற்குமுன் கொட்டாரம் சந்தையில் மீன் விற்றவள். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. கல்யாணத்தன்று பாதிரியாரின் பிரசங்கத்தையே பாதியாகக் குறைத்தவள். அவள் கூண்டின் பின்சுவரிடம் பேரம் பேசினாள்.

"ராஜா கட்டின சுவராக்கும்ணு கெத்துக் காட்டாத. நூறு அடி தள்ளிப் போ." சுவர் அசையவில்லை. "அம்பது? அதுக்கும் மாட்டியா? எனக்கு வேண்டாம். மான் கூண்டுச் சுவர்ட்ட கேட்டுக்கிடுதேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னால் கரகரவென்று சத்தம். சுவர் அறுபது அடி தள்ளி நின்றது. கிளாரா முகத்தில் சந்தோஷத்தைக் காட்டவில்லை. காட்டினால் பேரம் கெட்டுவிடும். "கொசுறு?" என்றாள். சுவர் ஒரு குளம் தந்தது.

பதினெட்டு நாள் இப்படியே போயிற்று. கடைசி நாட்களில் அவள் வாளியைத் தொட்டாலே சுவர் ஐந்நூறு அடி நகர்ந்தது. ராஜகுமாரும் தன் வீட்டு அடுக்களைச் சுவரிடம் கேட்டுப் பார்த்தார். எடுத்த எடுப்பிலேயே, "நீயா பாத்து எவ்வளவு தந்தாலும் போதும்" என்று சொல்லிவிட்டதால் சுவர் அரை அடி உள்ளே வந்தது.

இருபதாம் நாள் காலை பத்து மணிக்கு அதிகாரி சகாயம் அளவு நாடாவோடு உள்ளே போனார். முகம் கறுத்து, செருப்பு அறுந்து, நாலு மணிக்கு வெளியே வந்தார்.

"அங்க ஒரு குன்று நிக்குதே?"

"அது கொசுறு, சாரே. கரடியக் கண்டியளா?"

"கண்டேன். குளத்துல கெடக்கு. என்னைய ஏறெடுத்தும் பாக்கல்ல."

இடம் போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாரி காலியாகத் திரும்பியது.

இப்போதெல்லாம் கூண்டின் கடைக்கோடியில், ஊரைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே மழை பெய்கிறது. பொன்னன் நனைந்து வந்து கம்பியருகே நின்றால், அக்கம்பக்கத்து வீடுகளில் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடுகிறார்கள்.