நிந்தவூரில் முகங்கள் கண்ணாடியான வருடம்

றுமானாவின் முகம் கண்ணாடியாகிவிட்டதை முதலில் கண்டது அவளுடைய ஆறு மாதக் குழந்தை றஸ்னா. காலையில் பால் கொடுக்கக் குனிந்த தாயின் முகத்தில் இன்னொரு குழந்தை தன்னைப் பார்ப்பதைக் கண்டு அது சிரித்தது; அந்தக் குழந்தையும் சிரித்தது. இரண்டாவதாகக் கண்டவன் அவள் புருஷன் முபாறக். கல்முனைக்குப் போகும் அவசரத்தில் தேத்தண்ணி கேட்டு அடுப்படிக்கு வந்தவன், மனைவியின் முக்காட்டுக்குள்ளே சவரம் செய்யாத தன்னுடைய முகம் இருப்பதைப் பார்த்தான். அவன் வாயைத் திறந்தபோது அந்த வாயும் திறந்தது. அவன் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. வெள்ளாண்மை வெட்டு முடிந்திருந்த காலம் அது, நெல் விலை முந்திய கிழமையைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"என்ன, பேயைக் கண்ட மாதிரிப் பாக்குறீங்க?" என்று அந்தக் கண்ணாடி கேட்டது. குரல் றுமானாவின் குரல்தான்.

அவள் அலுமாரிக் கண்ணாடியின் முன்னால் போய் நின்றாள். கண்ணாடிக்கு முன்னால் கண்ணாடியை வைத்தால் என்ன தெரியுமோ அதுதான் தெரிந்தது: ஒன்றுக்குள் ஒன்றாக ஒடுங்கிக்கொண்டே போகும் சட்டங்கள், ஆளில்லாத நீண்டதொரு விறாந்தை. விரலால் தடவினால் மூக்கு இருந்தது, உதடு இருந்தது, இமைகள் மூடித் திறந்தன. எல்லாம் விடியற்காலைக் குழாய்த் தண்ணீர்போலக் குளிர்ந்து கிடந்தன. அவளால் எல்லோரையும் பார்க்க முடிந்தது. தன்னை மட்டும் பார்க்க முடியவில்லை.

இது ஒரே இரவில் நடந்ததல்ல. நான்கு வருடங்களுக்கு முன்னர் முபாறக் மாப்பிள்ளையாக றுமானாவின் வீட்டுக்குக் குடிவந்த அன்று, அவனுடைய தாய் ஸகியா பலர் கூடியிருந்து சாப்பிடும் சஹன் தட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு, "புள்ள நல்ல புள்ளதான், நிறம்தான் கொஞ்சம் குறைச்சல்" என்று சொன்னது திரைக்குப் பின்னாலிருந்த மணப்பெண்ணின் காதில் விழுந்தது. ஸகியா அதை அன்றே மறந்துவிட்டாள். றுமானா மறக்கவில்லை. வாசனைச் சவர்க்காரம், வாசனைப் பவுடர், தொலைக்காட்சியில் காட்டிய களிம்பு என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். குழந்தை பிறந்த பின்னர் கன்னத்தில் கருமை படர்ந்தபோது, கூடப்படித்த ஸுல்பிகாவிடம் போனாள். புருஷன் கத்தாருக்குப் போய்த் தகவலில்லாமல் போனதிலிருந்து ஸுல்பிகா தன் வீட்டு முன்னறையில் அழகு நிலையம் நடத்திக்கொண்டிருந்தாள். கொழும்பிலிருந்து யாரோ இரவு பஸ்ஸில் அனுப்பும் கிறீமை வெள்ளை டப்பாக்களில் நிரப்பி விற்றாள். அந்த டப்பாவில் செய்தவர் பெயர் இல்லை, சேர்த்த பொருள் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. "படுக்கப் போகக்குள்ள பூசுகா. மோதிரம், சங்கிலி எல்லாத்தையும் களட்டி வெச்சிட்டுப் பூசு. தங்கம் பழுதாயிரும்" என்று மட்டும் எல்லோரிடமும் தவறாமல் சொன்னாள். தங்கத்துக்கு ஆகாத ஒன்று தோலுக்கு ஆகுமா என்று நிந்தவூரில் யாரும் கேட்கவில்லை. றுமானாவும் மோதிரத்தைக் கழற்றிப் பத்திரமாக அலுமாரியில் வைத்துவிட்டு, முகத்தில் பூசினாள்.

கன்னத்துக் கருமை சீக்கிரமே போனது. பிறகு பொது நிறம் என்று சொல்லும் மாநிறமும் போனது. மாமி ஸகியாவே வந்து தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து மாஷா அல்லாஹ் சொன்னாள். தெருவில் உள்ளவர்கள் விசாரித்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் றுமானா சந்தோஷமாக ஸுல்பிகாவின் வீட்டைக் காட்டினாள். மின்சாரம் தடைப்பட்ட ஓர் இரவில் அவள் முகத்து வெளிச்சத்தில் முபாறக் தொலைத்த சாவியைத் தேடி எடுத்தான், அதை இருவரும் அல்லாஹ் தந்த பறக்கத் என்று எடுத்துக்கொண்டார்கள். தலையிடித்தது, கை நடுங்கியது, நித்திரை வரவில்லை. பால் கொடுக்கிற பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொன்னார்கள்.

முகம் கண்ணாடியான பிறகு முபாறக் ஜன்னல்களைச் சாத்தினான். "ஊருக்குத் தெரிஞ்சா என்ன கதைப்பாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஸகியாவை மட்டும் உள்ளே விட்டார்கள். பார்வை மங்கிய அவள் மருமகளின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, "யா அல்லாஹ், இந்தக் கெழவி ஆரு?" என்று கேட்டாள். தான் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று விளங்கியதும் அப்படியே தரையில் இருந்துவிட்டாள். ஓதிய தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார்கள். அது கோடு கோடாக வழிந்து கழுத்தில் இறங்கியது. றுமானா வீட்டுக்குள்ளேயும் முகத்தை மூடிக்கொண்டு நடந்தாள், பால் கொடுக்க மட்டும் திறந்தாள். அப்போதெல்லாம் குழந்தை கையை நீட்டித் தாயின் கன்னத்திலிருந்த குழந்தையைத் தட்டித் தட்டி விளையாடியது. அந்த வீட்டில் அந்த நாட்களில் சிரித்தது அது ஒன்றுதான்.

இப்படியிருக்கும்போது, குழந்தையை நிறுக்க மிட்வைஃப் செலீனா வந்தாள். கல்முனைக் கத்தோலிக்கப் பெண். ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் வருகிறவள். தராசைப் பார்த்து முகம் சுளித்தாள். "போன முறைக்கு ஒரு கிராமும் கூடயில்லையே" என்று சொல்லிக்கொண்டே குழந்தையின் மூடிய விரல்களைப் பிரித்தாள். அந்தச் சின்ன உள்ளங்கையிலிருந்து செலீனாவின் கண் ஒன்று அவளையே திரும்பிப் பார்த்தது.

செலீனா இயேசுவைக் கூப்பிட்டாள். மற்றக் கையையும் பிரித்தாள், அதிலும் கண் இருந்தது. றுமானா இதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை. அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அடுத்த வீட்டு ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு கடற்கரை வரை ஓடியதாகச் சொல்கிறார்கள்.

"முகத்தை மூடியிருக்கிறதைக் களட்டு" என்றாள் செலீனா. கழற்றியதும் அங்கே தெரிந்த தன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "என்னம்மா பூசுற நீ?"

றுமானா டப்பாவைக் கொண்டுவந்தாள். செலீனா அதை எல்லாப் பக்கமும் திருப்பினாள். "இதுல ஒரு எழுத்தும் இல்லையே. ஆரு செஞ்ச, என்னத்தால செஞ்ச எண்டு தெரியாத சாமானை உன்ட முகத்துலயும் பூசி, புள்ளைக்கும் குடுத்திருக்கிற."

"புள்ளைக்கு நான் பூசல்ல மிஸ்!"

"புள்ள உன்ட கன்னத்தைத் தொட்டுப்போட்டுத்தானே கையை வாயில வெக்குது?"

வாசலில் நின்ற முபாறக், "மிஸ், இதை வெளிய சொல்லிராதீங்க" என்றான். றுமானா அவன் பக்கம் திரும்பினாள். தன்னுடைய பயந்த முகம் தன்னை நோக்கித் திரும்புவதை அவன் கண்டான்.

"புள்ளையைத் தூக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இப்பிடியேவா? மூடிக்கொண்டு வா."

"எல்லாரும் பாக்கட்டும். இது என்ட வீடு, என்ட முகம், என்ட புள்ள. நீங்க வாறீங்களா, இல்லையா?"

அவன் குழந்தையைத் தூக்கினான். தெருவில் நூஹுவின் ஆட்டோவைப் பிடித்தார்கள். பிரதான வீதி முழுவதும் றுமானாவின் முகத்தில் ஓடியது: மதரஸாப் பிள்ளைகள், மீன்காரரின் சைக்கிள், கடைப் பலகைகள், திகைத்து நின்ற ஆட்கள்.

டாக்டர் இளவயதுக்காரர். அவளைப் பார்த்ததும் தன்னையறியாமல் தலைமுடியைச் சரிசெய்தார், பிறகு வெட்கப்பட்டார். சிறுநீரும் இரத்தமும் எடுத்தார்கள், டப்பாவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது டாக்டர் கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு மெதுவாகக் கதைத்தார். பாதரசம். அந்தக் காலத்தில் கண்ணாடிகளுக்குப் பின்னால் பூசியதும் அதுதான். தோல்வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பைக் கெடுக்கும். முகம் துடைக்கும் துவாயில், தலையணை உறையில், தாயின் கன்னத்தில் ஒட்டியிருந்து குழந்தைக்கும் போகும். முகம் கண்ணாடியானதற்குத் தன் புத்தகங்களில் விளக்கமில்லை என்றும், மற்றதற்கெல்லாம் இருக்கிறது என்றும் சொன்னார். குழந்தையை அன்றே வார்டில் அனுமதித்தார்கள். கடைசியில் அவர், "இதைப் பூசுற மற்ற ஆக்கள் எங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் றுமானாவுக்கு விளங்கியது. ஒவ்வொரு வாசலாக, தான் வழி காட்டிய பெண்கள் வரிசையாக நினைவில் வந்தார்கள்.

குழந்தையை முபாறக்கிடம் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஸுல்பிகாவின் வீட்டுக்குப் போனாள். ஸுல்பிகா கதவைத் திறந்தாள், சிநேகிதியின் முகத்தில் தன்னைக் கண்டாள், பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்தாள். வெயில் கொதிக்கும் பகலில் அவள் முழங்கை வரை கறுப்புக் கையுறை போட்டிருந்தாள்.

"களட்டு" என்றாள் றுமானா.

"வேணாங்கா."

"களட்டுகா, பாப்பம்."

கையுறைகள் கழன்றன. கிறீம் அள்ளி நிரப்பிய விரல்களும் உள்ளங்கைகளும் மணிக்கட்டு வரை கண்ணாடி. முன்னறையின் சுவரும் கூரையும் அந்தக் கைகளில் நடுங்கிக்கொண்டிருந்தன.

"எப்ப இருந்து இப்பிடி?"

ஸுல்பிகா தரையைப் பார்த்தாள். "ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி."

"எனக்கு நீ தந்தது பெருநாளைக்குப் பிறகு."

"ஓம்." கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "கைக்கு மட்டும்தான் எண்டு நினைச்சன். அள்ளி அள்ளிப் போட்டதால வந்த எண்டு நினைச்சன். முகத்துல கொஞ்சமாத்தானே பூசுறீங்க... கடையைப் பூட்டினா எனக்கு வேற என்னகா இரிக்கி?" என்றாள்.

றுமானா ஏசவில்லை. "என்ட புள்ளையிட கை ரெண்டும் உன்ட கை மாதிரி இரிக்கி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருவைத் தாண்டும் முன்னரே ஸுல்பிகா கதவைச் சாத்தி, விளம்பரப் பலகையைக் கழற்றும் சத்தம் கேட்டது.

கிளினிக் மண்டபத்துக்கு வரச்சொல்லிச் செலீனா வீடு வீடாகச் சொன்னாள். யாரும் வரமாட்டார்கள் என்று முபாறக் நினைத்தான். வந்தார்கள். முகத்திரை போட்டவர்கள், மாஸ்க் போட்டவர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே வந்த ஒருத்தி, திருக்கோவில் ஊரிலிருந்து குடையைத் தாழப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு புதுப்பெண். கதவைச் சாத்தியதும் றுமானா முதலில் தன் முகத்தைத் திறந்தாள். பிறகு ஒருத்தி திறந்தாள், அடுத்தவள் திறந்தாள், மண்டபத்துக் கூரையில் ஆற்று வெளிச்சம் அலைவதுபோல ஒளி அலையத் தொடங்கியது. இத்தனை நாளும் ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து அழுதிருந்தாள். வெளியே நின்ற ஆண்கள் தீப்பிடித்துவிட்டதென்று தண்ணீர் கொண்டு ஓடிவந்தார்கள்.

கடைசியாக ஸுல்பிகா வந்தாள், கையுறையில்லாமல், மிச்ச டப்பாக்கள் இருந்த பெட்டியோடு. கிறீம் பூசிய மகளின் கல்யாணம் நின்றுபோன சல்மா உம்மா எழுந்து அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். ஸுல்பிகா முகத்தைத் திருப்பவில்லை. சல்மா உம்மா மூச்சு வாங்கியபடி, வேறு கதிரை இல்லாததால், அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். கொழும்பு ஆளின் தொலைபேசி இலக்கத்தை ஸுல்பிகா சுகாதார அதிகாரிகளிடம் கொடுத்தாள். அந்த இலக்கம் அன்று பின்னேரமே வேலை செய்யாமல் போனது. டப்பாக்களைப் புதைத்தால் கிணற்றுத் தண்ணீரில் இறங்கும், எரித்தால் புகையில் ஏறும் என்பதால் உறையிலிட்டு ஒட்டி எடுத்துப்போனார்கள்.

றஸ்னாவின் கைகள் தெளியச் சில மாதங்கள் சென்றன. அந்த மாதங்களில் றுமானா வீட்டிலிருந்த ஒவ்வொரு போத்தலையும் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். என்ன சேர்த்தது என்று சொல்லாததெல்லாம் வெளியே போனது. பயற்றமாவும் வாசனையில்லாத சவர்க்காரமும் உள்ளே வந்தன. குளியலறை கழுவ இரண்டு திராவகத்தைக் கலந்து ஊற்றி முபாறக் இருமிக்கொண்டு வெளியே ஓடிவருவதும் நின்றது. ஸகியா பேத்தியின் கண்ணுக்குச் சுறுமா கொண்டு வந்தபோது மட்டும் சண்டை வந்தது.

"இது கிறீம் இல்ல, நம்மட சுறுமா. எங்கட உம்மாமார் போட்டது" என்றாள் ஸகியா.

"இதுல என்ன இரிக்கி மாமி?"

"சுறுமாதான் இரிக்கி."

"அதுக்குள்ள?"

ஸகியாவுக்குத் தெரியவில்லை. செலீனா அதைப் பரிசோதனைக்கு அனுப்பினாள், ஈயம் இருந்தது. ஸகியா மூன்று நாள் யாரோடும் கதைக்கவில்லை. நான்காம் நாள் வந்து, மகனின் கல்யாணத்தன்று தான் ஏதோ சொன்னதாக முபாறக் சொன்னானே, அது என்ன என்று மருமகளிடம் கேட்டாள். றுமானா சொன்னாள். "அப்பிடியா சொன்னன்?" என்று கேட்டு ஸகியா வெகுநேரம் அழுதாள்.

றுமானாவின் நெற்றியில் முதலில் நிறம் திரும்பியது. பிறகு மூக்கு, பிறகு கன்னங்கள், அவளுடைய அதே பொது நிறம். கடைசிக் கண்ணாடித் துண்டு இடது தாடையில் மறைந்த காலையில் அவள் மகளைத் தூக்கினாள். குழந்தை வீறிட்டு அழுதது. அதற்கு நினைவிருந்த அளவில் தாய்க்கு இப்படியொரு முகம் இருக்கவில்லை. முபாறக்கிடம் தாவிப்போய், அலுமாரிக் கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டி, தெளிவாக, "உம்மா" என்றது. அதுதான் அதன் முதல் வார்த்தை. றுமானா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு கண்ணாடிக்கும் குழந்தைக்கும் நடுவே போய் இருந்து, எழுந்துபோகாமல், கதைத்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் சோறு கருகியது, அவள் எழும்பவில்லை. நடுப்பகலில் லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் குழந்தை மெல்ல வந்து அவள் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தது. அது சூடாயிருந்ததால் சட்டென்று எடுத்தது. திரும்பவும் வைத்தது. "உம்மா" என்று, சந்தேகத்தோடு, சொன்னது.

அதற்காகக் கண்ணாடிகளை அது கைவிடவில்லை. கடை ஜன்னல், மோட்டார் சைக்கிள் விளக்கு, வாளித் தண்ணீர், எல்லாம் உம்மாதான். ஊரில் யாரும் திருத்தவில்லை. அந்த வாசலைக் கடக்கும்போது நூஹு மட்டும் ஆட்டோவை மெதுவாக்கி, பக்கக் கண்ணாடியைக் குழந்தையின் உயரத்துக்குச் சரித்து, அது ஸலாம் சொல்லி முடிக்கும்வரை நின்றுவிட்டுப் போகிறான்.