குண்டுக் கடமானும் இரண்டு வரிசையும்

‘குண்டுக் கடமான்’ பர்கர் கடைகள் மூடியபோது லோர்னா ஹாகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவின் கடைகள் அவை. மினசோட்டாவில் அந்த வட்டாரமே இன்றுவரை அவருடைய வெங்காய பர்கரை நினைத்துப் பெருமூச்சு விடுகிறது. ஒருவழியாக, சிக்காகோக்காரன் ரிக்கைக் கூட்டுச் சேர்த்து ஒரு கடையை மறுபடி திறந்துவிட்டாள். முதல் நாள் மதியத்துக்குள் வியாபாரம் ஆகாவிட்டால் கட்டடத்தைக் கார் கழுவும் இடமாக மாற்றிவிடுவேன் என்று ரிக் சொல்லியிருந்தான். செய்யக்கூடிய ஆள்தான்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. கார்கள் நெடுஞ்சாலைவரை நின்றன. ஆனால் ஒரு பர்கர்கூட விற்கவில்லை.

எல்லாம் ரிக்கின் மூளை. சீக்கிரம் ஆகட்டும் என்று கார்களுக்கு இரண்டு வரிசை போட்டு, விற்பனை சன்னலுக்கு முன்னால் ஒன்றாகச் சேர்த்திருந்தான். ஒருவரை ஒருவர் முந்துவதே பாவம் என்று நினைக்கும் இந்த ஊரில் எந்தப் பைத்தியக்காரனாவது அப்படிச் செய்வானா? இடது வரிசையில் முதலாவதாக பாஸ்டர் டார்விக், வலதில் இர்மா ஸ்டென்பெர்க்.

“நீங்க முதல்ல போங்கம்மா.”

“ஐயோ, நீங்க போங்க பாஸ்டர். எனக்குப் பசியே இல்ல!”

அவள் வயிறு உறுமியது சன்னலில் நின்ற லோர்னாவுக்கே கேட்டது. பின்னால் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. உயிரே போனாலும் அடிக்கமாட்டார்கள். ஒருமுறை இருவரும் ஒரே சமயத்தில் நகர்ந்தார்கள். பதறிப்போய் ஒரே சமயத்தில் பின்வாங்கினார்கள்.

“என்ன கூத்துங்க இது? மணி பன்னெண்டாகப் போகுது!” என்றான் ரிக்.

அப்பாவின் கடையை இந்தப் பாழாய்ப்போன மரியாதை கொல்லப்போகிறது. லோர்னாவுக்கு அழுகை முட்டியது, பிறகு கோபம் வந்தது. நேரே போய் பாஸ்டரின் கார்க் கதவைத் திறந்தாள்.

“தள்ளி உக்காருங்க.”

“என்னம்மா?”

“தள்ளுங்கன்னா!”

பாஸ்டரை அதட்டியவர் அந்த ஊரில் யாருமில்லை. அவர் தள்ளி உட்கார்ந்தார். லோர்னா காரைச் சன்னலுக்கு ஓட்டி, பர்கர் வாங்கிக் கொடுத்து, தெருவில் விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

இர்மா தானாகவே பக்கத்து இருக்கைக்கு மாறி, பெல்ட்டும் போட்டிருந்தாள்.

“நீ ஓட்டினா அது வேற விஷயம்டி. நான் முந்தினதா ஆகாதுல்ல?”

செய்தி பின்னால் பரவியது. ஒவ்வொரு காரிலும் ஓட்டுநர் இருக்கை காலியானது. வெங்காய வாசனை தெருவெல்லாம் வீசியது. லோர்னாவுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் மனம் நிறைந்திருந்தது.

ரிக் துள்ளிக் குதித்தான். “கடை பிழைச்சுதுங்க! இன்னும் நாலு ஊர்ல திறக்கறோம்!”

“திறக்கலாம். என்னை மாதிரி மரியாதை கெட்டவங்க நாலு பேர் வேணுமே.”

“இங்க எங்க போய்த் தேடறது?”

லோர்னா அடுத்த காரின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பிடித்தாள்.

“தேடவே வேணாம் ரிக். முதல் ஆள் சிக்காகோலேர்ந்தே வந்திருக்காரே. ஏறுங்க.”