பாட்டு நிற்கக் கூடாது

போதகர் வீட்ஸேயின் குரல் பாதி வாக்கியத்தில் அறுந்தது.

யாந்தினா பட்டாணி சூப் பானையோடு ஆலயத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பானையை வைத்துவிட்டு உடனே கிளம்பிவிடத்தான் வந்தாள். இது அவளுடைய ஆலயம் இல்லை. இங்கே பெண்கள் மேடையேறிப் பிரசங்கிப்பார்கள். அவளுடைய சபையில் பெண்கள் தலையை மூடிக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு உட்கார வேண்டும்.

மேடையில் போதகர் இருமினார். காய்ச்சலில் முகம் சிவந்திருந்தது. பிரசங்க பீடத்தின் விளிம்பைப் பிடிக்கக் கை நீட்டினார். பிடி கிடைக்காமல் அப்படியே சரிந்தார்.

முன்வரிசையிலிருந்து ஷூஷான் பாய்ந்து ஓடி அவரைத் தாங்கினாள். ஆர்மீனியாக்காரி. மகள் நாரே இந்த ஊரிலேயே பிறந்தவள். இருவரையும் நாட்டைவிட்டு அனுப்ப உத்தரவு வந்ததிலிருந்து இந்த ஆலயம்தான் வீடு. வழிபாடு நடக்கும்போது போலீஸ் உள்ளே நுழையக் கூடாது. நெதர்லாந்தின் சட்டம் அது. அதனால் வாரக்கணக்கில் இரவும் பகலும் வழிபாடு ஓயவில்லை. எந்தெந்த ஊரிலிருந்தோ, எந்தெந்தச் சபையிலிருந்தோ ஆட்கள் முறை வைத்து வந்தார்கள். அடுத்த முறை கத்தோலிக்க ஃபாதர் லம்பெர்ட்டுடையது. பனி உறைந்த அணைச் சாலையில் அவருடைய கார் மாட்டிக்கொண்டதாக இப்போதுதான் போன் வந்தது.

இவர்களைத் தவிர ஆலயத்தில் வேறு யாரும் இல்லை, சத்தமும் இல்லை.

வாசல் கதவு திறந்தது. குளிர்காற்றோடு இரண்டு தொப்பிகள் எட்டிப் பார்த்தன.

"என்ன, சத்தத்தையே காணோம்? முடிஞ்சிருச்சா போதகரே?" என்றார் மூத்த போலீஸ்காரர்.

போதகர் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"அம்மா, நீங்க யாரு? நீங்களா நடத்துறீங்க?"

"நான்... சூப் கொண்டாந்தேன்."

"சூப்பெல்லாம் வழிபாட்டுல சேராதுண்ணே" என்று சிரித்தான் இளையவன். அவனுடைய பூட்ஸ் ஒன்று வாசற்படியைத் தாண்டி உள்ளே விழுந்தது.

நாரே ஓடிவந்து யாந்தினாவின் கோட்டைப் பற்றினாள்.

"அத்தை, ஏதாச்சும் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல!"

யாந்தினா ஐம்பது வயதுவரை ஆலயத்துக்குள் தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. தலையில் தொப்பிகூட இல்லை. இரண்டாவது பூட்ஸும் உள்ளே வந்தது. சட்டென்று பானையைக் கீழே வைத்து, அதைச் சுற்றியிருந்த துண்டை உருவித் தலையில் போட்டுக்கொண்டாள். துண்டில் பன்றி இறைச்சியும் பட்டாணியும் மணத்தன. கண்ணை மூடினாள். பைபிளின் சங்கீதங்களிலேயே நீளமானதை எடுத்தாள்.

முதல் சொல் கீச்சென்று வந்தது. இரண்டாவது கொஞ்சம் தேவலை. அவளுடைய சபை பாடுகிற விதத்தில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு முழு மூச்சு. அத்தனை மெதுவாகத்தான் அவளுக்குப் பாடத் தெரியும்.

பூட்ஸ் சத்தம் நின்றது.

"என்னண்ணே இது, எப்ப முடியும்?"

"இந்தச் சபைக்காரங்க பாட்டா? ஒரு வரி முடியறதுக்குள்ள நீ வீட்டுக்குப் போய் காபி குடிச்சிட்டு வந்துரலாம்டா."

யாந்தினா மூச்சு வாங்கினாள். அந்த இடைவெளியில் பூட்ஸ் ஓர் அடி முன்னால் வைத்தது.

அவசரமாக அடுத்த அசையைப் பிடித்தாள். மறுபடி மூச்சு, மறுபடி ஓர் அடி. அவர்கள் காத்திருப்பது அந்த மௌனத்துக்குத்தான். வாங்கிய மூச்சு போதாமல் போனது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அடுத்த மூச்சில் பாட்டு அறுந்தால், இந்தக் குழந்தையின் கை கோட்டிலிருந்து பிரிக்கப்படும்.

மூச்சு வாங்கியே ஆக வேண்டிய கணம் வந்தது. வாங்கினாள்.

மௌனம் வரவில்லை.

மேடையடியில் போதகரின் தலையை மடியில் வைத்திருந்த ஷூஷான், அடிக்குரலில் ஒற்றைச் சுரத்தை இழுத்துப் பிடித்திருந்தாள். அவர்கள் ஊர் ஆலயத்தில் பாடகருக்குக் கீழே அப்படித்தான் ஒருவர் சுருதி பிடிப்பார். ஷூஷானுக்கு மூச்சு முட்டியபோது நாரே பிடித்துக்கொண்டாள். யாந்தினாவின் குரல் மேலே ஏறியது, இறங்கியது. கீழே அந்தச் சுரம் அறுபடவேயில்லை.

"இப்ப உள்ள போலாமாண்ணே?"

"எப்படிடா போறது? காதுல விழல?"

இளையவன் அசையாமல் நின்றான். திரும்பிப் போகவும் இல்லை. ஒரு வசனம், இன்னொரு வசனம். யாந்தினாவின் துண்டு வியர்வையில் நனைந்தது. கடைசியில் அந்த இருவரையும் இடித்துக்கொண்டு, கோட்டெல்லாம் பனியாக ஒரு பருத்த மனிதர் உள்ளே வந்தார். மூச்சிரைத்தபடியே அவர் செய்த சிலுவைக் குறியைப் பார்த்ததும் யாந்தினாவுக்குத் தெரிந்துபோயிற்று. ஃபாதர் லம்பெர்ட்.

அவர் பக்கத்தில் வந்து அவளோடு பாடப் பார்த்தார். இரண்டு அசை முந்திப்போய், தடுமாறி, அவளுடைய ஆமை நடைக்கு இறங்கினார். வசனம் முடிந்த நொடியில் அவருடைய ஜெபம் தொடங்கியது. போலீஸ்காரர்கள் இருவரும் பின்வாங்கிக் கதவைச் சாத்தினார்கள். வெளியே பூட்ஸ்கள் குளிருக்குத் தரையை உதைப்பது கேட்டது. போகவில்லை.

யாந்தினா துண்டைப் பிடித்தபடி வாசலைப் பார்த்தாள். ஃபாதர் ஜெபத்தின் இடையில் குனிந்து, உதட்டோரமாகச் சொன்னார்:

"போயிராதீங்கக்கா. எனக்கும் தொண்டை கட்டியிருக்கு."

வெளியே பூட்ஸ். அவள் முன்வரிசைக்குப் போய் ஷூஷானின் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.