நெரீடாவை யார் கேட்டார்கள்?

கார்மெல் ஸாப்பியாவின் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பனியன்தான். பச்சைப் பனியன், நெஞ்சில் பாதாம் கொட்டைப் படம். அதைப் போட்டுக்கொண்டு நின்றவள் நெரீடா! போன வருஷம் ஆறு மாசம் மில்டூரா ஊரில் கார்மெலின் பட்டறையில் முழங்கை வரை கிரீஸைப் பூசிக்கொண்டு பம்பு பிரிக்கக் கற்றுக்கொண்ட பெண். இன்றைக்கு அந்தப் பாதாம் தோட்டக் கம்பெனிக்காரனின் கடையில் நின்று, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பல்லைக் காட்டிப் பேனா கொடுத்துக்கொண்டிருந்தாள். கார்மெலுக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? மில்டூராவிலிருந்து இருட்டோடு கிளம்பி, தன் பழைய வண்டியை விரட்டிக்கொண்டு மெல்பர்ன் வந்து சேர்ந்தால், வேலைவாய்ப்புச் சந்தையில் பல்கலைக்கழகம் அவளுக்கு ஒதுக்கியிருந்த மேஜை கழிப்பறைக்குப் போகிற வழியில் இருந்தது. பாதாம் கம்பெனிக்கோ மண்டபத்தின் நட்டநடுவே இடம், காபி போட்டுக் கொடுக்க ஆள் வேறு. காலையிலிருந்து கார்மெலின் மேஜை முன் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் நின்றார்கள்.

இந்த லட்சணத்துக்குப் பெயர் கூட்டு! நாலு வருஷத்துக்கு முன்னால் டாமியன் ஃபெல் என்கிற ஆள் மில்டூராவுக்கே தேடி வந்தான். கம்பெனிகளோடு உறவு வைத்துக்கொள்வதற்கென்றே பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற அதிகாரி. கார்மெல் சுட்ட லசான்யாவை இரண்டு தட்டு உள்ளே தள்ளிவிட்டு, "உங்களை மாதிரி சின்னக் கம்பெனிதான் எங்க பிள்ளைங்களுக்கு நிஜமான வேலையைக் கத்துக்கொடுக்கும்" என்று ஐஸ் வைத்தான். மாணவர்களை அரை வருஷம் அனுப்புவார்கள்; இவள் கற்றுக்கொடுக்க வேண்டும்; படிப்பு முடிந்ததும் பிடித்தவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மூன்று பேர் வந்தார்கள். முதல் இரண்டு பேரையும் பாதாம் கம்பெனி கொத்திக்கொண்டு போனது. மூன்றாவது நெரீடா.

முதல் இரண்டு பேர் போனபோது கார்மெல் திட்டித் தீர்த்துவிட்டு வேலையைப் பார்த்தாள். அப்போது அண்ணன் ரோக்கோ நன்றாக இருந்தான். திராட்சைத் தோட்டங்களுக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் ஏற்றும் பம்பு நிலையங்களை வடிவமைத்துக் கொடுப்பது அவன் வேலை. பட்டறையின் வருமானமே அதில்தான். இப்போது பக்கவாதம் வந்து நாற்காலியில் கிடக்கிறான். இன்னொரு பொறியாளர் வராவிட்டால் பட்டறையைச் சாத்த வேண்டியதுதான். ஊரில் சுற்றாத இடமில்லை; ஒருவரும் கிடைக்கவில்லை. போன வருஷம் நெரீடா வரைந்து காட்டிய பம்பு நிலையப் படத்தை ரோக்கோ வெகுநேரம் பார்த்தான். கோணிய வாயால், "இவ போதும்" என்றான். அவன் அப்படி யாரையும் சொன்னதே கிடையாது.

டாமியன் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தான். வசமாக மாட்டினான்.

"கார்மெல்! கூட்டம் எப்படி?"

"பிரமாதம். வர்றவங்களுக்கெல்லாம் கக்கூஸுக்கு வழி சொல்லிட்டிருக்கேன். அதுக்கும் ஒரு பட்டம் குடுப்பீங்களா?"

"இடம் ஒதுக்குறது என் கையில இல்லீங்க..."

"பின்ன எது உன் கையில இருக்கு? அங்க பாரு, அந்தப் பச்சைப் பனியனை! அரை வருஷம் நாங்க மெனக்கெட்டுக் கத்துக்கொடுத்தோம். அவன் நோகாம தூக்கிட்டுப் போறான். நீ வேடிக்கை பாக்குற. எங்களை என்ன, அவனுக்கு ஆள் பழக்கிக் குடுக்குற பள்ளிக்கூடம்னு நினைச்சியா?"

"கொஞ்சம் மெதுவா..."

"மெதுவாவா? இங்க பாரு, என் லசான்யாவைத் திருப்பிக் குடு, மெதுவாப் பேசுறேன்!"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மாணவர்கள் படம் பிடிக்கப் போனைத் தூக்கினார்கள். சத்தம் நடு மண்டபம் வரைக்கும் போய்விட்டது போலிருக்கிறது. நெரீடாவே பேனாக்களைப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"வாம்மா வா" என்றாள் கார்மெல். "பனியன் எடுப்பாத்தான் இருக்கு. உடம்பு அரிக்கலையா?"

"கத்தாதீங்க, கார்மெல்."

"கத்துவேன். என்னத்தைக் குடுத்து மயக்கினான்? காரா? வீடா?"

"ஒண்ணும் குடுக்கல. கேட்டாங்க."

"என்னத்தைக் கேட்டான்?"

"எங்ககிட்ட வேலைக்கு வர்றியான்னு கேட்டாங்க. நீங்க கேட்டீங்களா?"

கார்மெல் வாயைத் திறந்தாள். கேட்காமலா? அவளை ரோக்கோவின் மேஜையில் உட்கார வைத்தோமே. எல்லாரையும்விட அதிகமாக அவளைத்தானே கிண்டல் பண்ணினோம். ஆனால் வேலைக்கு வா என்று... எப்போது? எங்கே நின்று? எவ்வளவு துழாவியும் அப்படி ஒரு பேச்சு அகப்படவில்லை.

"கடைசி நாள் கேக் வெட்டினோமே, ஞாபகம் இருக்கா?" என்றாள் நெரீடா. "அதுல என்ன எழுதச் சொன்னீங்க?"

'சனியன் தொலைஞ்சது'. கார்மெல்தான் எழுதச் சொன்னாள். பேக்கரிக்காரி இரண்டு தடவை போன் பண்ணி உறுதிப்படுத்திக்கொண்டாள். பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது.

"அடிப்பாவி, எங்க ஊர்ல பிரியம் இருந்தாத்தான் அப்படிப் பேசுவோம்! பிடிக்காதவங்களுக்குத்தான் மரியாதை எல்லாம். அது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நானும் உங்க பக்கத்து ஸ்வான் ஹில்காரிதான், எங்க வீட்லயும் அப்படித்தான். அதனாலதான் சிரிச்சேன். ரெண்டு துண்டு தின்னேன். அப்புறம் கார் வரைக்கும் மெதுவா நடந்தேன், யாராவது பின்னாலயே வந்து நிஜத்தைச் சொல்லுவீங்கன்னு. யாரும் வரல. கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்த்தேன். வெறும் கேலியை நம்பி நான் வாடகைக்கு வீடு பாக்க முடியுமா, சொல்லுங்க?"

"நீ கேட்டிருக்கலாமே!"

"நானா? நான் இருபத்திரண்டு வயசுப் பொண்ணு. கம்பெனி உங்களோடது!"

டாமியன் எந்த நொடியில் நழுவினான் என்று இருவருமே கவனிக்கவில்லை.

"சரி. இப்பக் கேக்குறேன்" என்றாள் கார்மெல். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "வா. ரோக்கோவோட இடத்துக்கு வா. நீ வேணும்."

நெரீடாவின் முகம் சிவந்தது. சந்தோஷத்தில் அல்ல.

"கையெழுத்துப் போட்டாச்சு. ரெண்டு வருஷம். இப்ப வந்து சொல்றீங்களே! ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு போன்..." என்று பல்லைக் கடித்தாள். கண்ணைப் பனியன் கையால் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று பாதாம் கடைக்கே திரும்பிப் போனாள்.

கார்மெல் மேஜையை மடக்கினாள். சாயங்காலம் வரை இருக்க வேண்டும் என்பது விதியாம். விதியைக் கொண்டுபோய்க் கழிப்பறையில் போடட்டும்.

ஊர் திரும்பும் வழியில் சார்ல்டனில் பெட்ரோல் போட நிறுத்தியபோது பட்டறையிலிருந்து ப்ளூ கூப்பிட்டான். பதினெட்டு வருஷமாக அவளிடம் இருக்கிற ஃபிட்டர். தலை முழுக்கச் செம்பட்டை. அதனாலேயே ஊர் கிண்டலுக்கு அவனுக்கு ப்ளூ, நீலம் என்று பெயர் வைத்திருந்தது.

"என்ன பாஸ், புள்ளையைக் கையோட கூட்டிட்டு வர்றீங்களா?"

"இல்லடா. பாதாம்காரன்கிட்ட சேர்ந்துட்டா. நான் அவளைக் கேட்கவே இல்லையாம்."

"கேட்கலையா? நீங்க எப்பவோ கேட்டாச்சுன்னுல்ல நாங்க நினைச்சிட்டிருக்கோம்!"

"ஆமா, எல்லாரும் நினைச்சோம். எவனாவது வாயைத் திறந்தோமா? கேக்குல மட்டும் எழுதத் தெரிஞ்சுது நமக்கு!"

ப்ளூ சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

"பாஸ், ஒரு விஷயம்" என்றான். "போன மாசம் அந்தப் பாதாம்காரங்க என்னையும் கேட்டாங்க. சம்பளம் இங்கயவிட ஜாஸ்தி. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். ரோக்கோவும் இப்படி ஆயிட்டாரு, எப்படியும் மூடிருவீங்க, நான் எதுக்கு உங்களுக்குப் பாரம்னு..."

போடா, சனியன் தொலையட்டும் என்கிற வார்த்தை பழக்கதோஷத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கார்மெலுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது; வார்த்தையை விழுங்கினாள்.

"போகாதே" என்றாள்.

"என்னது?"

"போகாதேன்னேன்! நீ எனக்கு வேணும், ப்ளூ. நீ இல்லாம என்னால முடியாது. கேக்குதா உனக்கு? வேணும்னு சொல்றேண்டா, மடையா!"

அடுத்த பம்பில் டீசல் போட்டுக்கொண்டிருந்த லாரிக்காரன் திரும்பிப் பார்த்தான். கார்மெல் அவனையும் முறைத்தாள்.

"கத்தாதீங்க, பாஸ்" என்றான் ப்ளூ. "கேக்குது."