பாதிக் குளிர்

நீச்சல் டீச்சர் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது தலை சுற்றிக் கீழே விழுந்தாள். இடது கன்னம் மரத்துக் கிடந்தது. எழுந்து நின்றால் உடம்பு இடப்பக்கமே சாய்ந்தது. மூளைத்தண்டில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். விழுங்கவும் நடக்கவும் பழக்கித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு முகத்தில் வலி தொடங்கியது.

"தொட்டா ஒண்ணும் தெரியல, தொடாமலே எரியுது. இந்த மூஞ்சிக்கு என்னதான் வேணுமாம்?" என்றாள் கணவரிடம்.

கழுத்துக்குக் கீழே வலப்பக்க உடம்புக்கோ சூடும் குளிரும் உறைக்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவர், அவள் குளிக்கும் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் எரிச்சல் மெல்ல அடங்கியது. முழுசாகப் போகவில்லை, ஆனால் தூங்க விட்டது. கொஞ்சம் தெம்பு வந்ததுமே டாக்டரிடம் கேட்டாள்: "தண்ணியில இறங்கலாமா?"

"ஆழம் வேண்டாம். பக்கத்துல ஒருத்தர் பிடிச்சுக்கணும்."

அவள் கணவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து எவ்வளவு கெஞ்சியும் நீச்சல் குளத்துக்குள் கால் வைக்காத மனிதர் அவர். கையில் துண்டோடு கரையில் நிற்பதோடு சரி.

"என்னை ஏன் பாக்குற?"

"வேற யாரைப் பாக்குறது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் படியில் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர்தான். கரையில் உயிர்காப்பாளர் வேறு நின்றிருந்தார். ஆனாலும் ஓட்டுநர் ஒரு கையால் அவளையும் மறு கையால் கம்பியையும் இறுக்கிப் பிடித்திருந்தார். பல் கிடுகிடுத்தது.

"இந்தக் குளிர்ல எப்படி சிரிச்சிட்டு நிக்கிற?"

"எனக்குப் பாதி உடம்புதாங்க குளிருது. மீதி வெயில் காயுது!"

சொல்லிவிட்டுத் தண்ணீரில் குப்புறப் படுத்துக் காலை உதைத்தாள். பழைய வேகம் எங்கேயோ ஒளிந்திருந்தது போலப் பீறிட்டு வந்தது. நேரே போக வேண்டியவள் இடப்பக்கமாக வளைந்து, மல்லாந்து மிதந்துகொண்டிருந்த ஒரு வழுக்கைத்தலைக்காரர் மீது போய் மோதினாள்.

"பாத்து வரக் கூடாதாம்மா?" என்று அவர் தண்ணீரைத் துப்பினார்.

ஓட்டுநர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடி வந்து மனைவியைத் தாங்கினார். "மன்னிச்சுக்குங்க சார், வண்டி கொஞ்சம் இடது பக்கம் இழுக்குது!"

வழுக்கைத்தலைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீச்சருக்கு மூச்சு வாங்கியது, இருமினாள், சிரிப்பை மட்டும் நிறுத்த முடியவில்லை. கன்னத்து எரிச்சல் அப்போது எங்கே போயிருந்ததோ.

"நீங்க எப்பங்க கம்பியை விட்டீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். கம்பி வெகுதூரத்தில் இருந்தது. "ஐயையோ!" என்று அவளையே இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் மூச்சடக்கக் கத்துத் தரேன்."

"நீ முதல்ல நேரா போகக் கத்துக்கோ!"