சகாயராணி பார்க்காத கிரகங்கள்

1

இந்தக் கதை என் மூக்குக்கண்ணாடியில் பிறந்தது. கொரோனா வருஷம், மாஸ்க் போட்டுக்கொண்டு வில்லியனூர் பஸ்ஸில் போனேன். என் மூச்சே என் கண்ணாடியை மறைத்தது. சகாயராணியை அங்கேதான் உண்டாக்கினேன். [பாவம், துக்கப்படுவதற்கென்றே ஒருத்தி.]

முதல் தொடக்கம்: ‘வியாழனும் சனியும் அன்று மாலை தழுவிக்கொண்ட…’ அடித்துவிட்டேன். தழுவவெல்லாம் இல்லை. இங்கிருந்து பார்க்க அப்படித் தெரியும், அவ்வளவுதான்.

2

அவள் புருஷன் பிரிட்டோ. “டிசம்பர்ல ரெண்டு கிரகமும் ஒட்டிக்கும், காட்றேன் பாரு” என்று மகள் செலினிடம் சொல்லிக்கொண்டே இருந்தவன். ஆகஸ்ட்டில் கொரோனா கொண்டுபோய்விட்டது. துக்க வீடு என்பதால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டவில்லை.*

* காகித ஸ்டாரையும் வானத்தையும் ஒப்பிட்டு ஒரு பத்தி இருந்தது. அழகாக இருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.

3

பாகூர்ப் பக்கம் நான் கட்டிவிட்ட வானோக்கு நிலையம். கிரகங்கள் ஒட்டிக்கொள்ளும் அந்த டிசம்பர் மாலை தாயும் மகளும் அங்கே போனார்கள். கொரோனா விதி, பத்து வயசுக்குக் கீழே உள்ளே விடமாட்டோம் என்று கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள். செலினுக்கு ஒன்பது.

“எனக்கும் சேத்து நீ பாத்துட்டு வாம்மா.”

மகளை வாட்ச்மேன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு சகாயராணி வரிசையில் நின்றாள். முறை வந்ததும் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். வெறும் வெள்ளை. மாஸ்க்குக்கு மேலே வந்த மூச்சு தொலைநோக்கியின் கண்ணாடியை மூடியிருந்தது. பொறுப்பிலிருந்த டீச்சர் துடைத்துவிட்டார். மறுபடியும் வெள்ளை.

“மாஸ்க்க கொஞ்சம் எறக்குங்கம்மா. ஒரு நிமிஷம்தான, இன்னா ஆவப்போவுது?”

“வாணாம் டீச்சர். எங்கூட்டுக்காரரும் டீ குடிக்க ஒரு நிமிஷம்தான் எறக்குனாரு.”

[மூச்சை அடக்கிப் பார்க்கக் கூடாதா என்பீர்கள். அடக்கினாள். அப்போது கண்ணீர் வந்துவிட்டது.]

பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் நகர்ந்துவிட்டாள்.

4

ஒரு முடிவு: வெளியே வந்தால் வெறுங்கண்ணுக்கே இரண்டும் தெரிகின்றன. தாயும் மகளும் கைகோத்து… போதும். மேற்கே மேகம் ஏறிவிட்டது. ஏற்றியது நான்தான். பிரிட்டோ இல்லாத வீட்டுக்கு வானத்தைக் காட்டிச் சமாதானம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று: ஒன்றும் தெரியவில்லை என்று உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அப்பனும் போய், அவன் சொன்னதும் போய், அந்தக் குழந்தை… இதையும் என்னால் எழுத முடியவில்லை.

கேட்டிலிருந்து செலின் ஓடிவந்தாள்.

“தெரிஞ்சிச்சாம்மா? அப்பா சொன்னாமாரியே ஒட்டிக்கினு இருந்திச்சா?”

பதிலை நீங்கள் சொல்லுங்கள். யோசித்துச் சொல்லுங்கள். பாதி முகத்தை மாஸ்க் மறைத்திருக்கிறது. செலின் உங்கள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.